சமுதாயக் கல்லூரியில் சிவில் தொழில்நுட்பமா, குற்றவியல் நீதியா: சேருமுன் பார்க்க வேண்டியவை

அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகளில் வேலையை நோக்கி அமைந்த ஈராண்டுப் படிப்புகள் பல உண்டு. அவற்றுள் சிவில் பொறியியல் தொழில்நுட்பமும் குற்றவியல் நீதியும் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை போலத் தோன்றினாலும், சேருமுன் கேட்க வேண்டிய கேள்வி இரண்டுக்கும் ஒன்றேதான். இரண்டிலும் வேலைக்கான வாசல் கல்லூரிக்கு வெளியே இருக்கிறது. முன்னதில் அந்த வாசலில் நிற்பவை மாநில உரிம வாரியமும் சான்றளிக்கும் அமைப்புகளும். பின்னதில் காவல் பயிற்சி அகாடமியும் பின்னணி விசாரணையும். அங்கே என்ன கேட்பார்கள் என்பதை முதலில் தெரிந்துகொண்டு, அதற்கு ஏற்ற படிப்பைப் பிறகு தேர்ந்தெடுப்பதே முறை. பல குடும்பங்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. கட்டணம் குறைவு, வீட்டுக்கு அருகில் இருக்கிறது, பெயரில் ‘இன்ஜினியரிங்’ என்று வருகிறது என்பதற்காகச் சேர்த்துவிட்டு, இரண்டாம் ஆண்டு முடியும் தறுவாயில்தான் அந்தப் பட்டம் எங்கே செல்லும், எங்கே செல்லாது என்று விசாரிக்கத் தொடங்குகின்றன.

பட்டத்தின் பெயரை முழுதாகப் படியுங்கள்

இலினாய் மாநிலத்தில் 1901-இல் தொடங்கிய ஜோலியட் ஜூனியர் கல்லூரியே நாட்டின் பொதுச் சமுதாயக் கல்லூரிகளில் மூத்தது. பல்கலைக்கழகப் படிப்பின் முதல் இரண்டு ஆண்டுகளை ஊரிலேயே முடித்துவிட்டு மேலே செல்லலாம் என்பது அதன் தொடக்க நோக்கம். நேரே வேலைக்கு அனுப்பும் படிப்புகள் பிறகு வந்து சேர்ந்தன. இந்த இரண்டு நோக்கங்களும் இன்று ஒரே வளாகத்தில், சில நேரம் ஒரே துறையில் அருகருகே இயங்குகின்றன. எது எது என்பதைப் பட்டத்தின் பெயர்தான் காட்டும்.

ஏ.எஸ்., ஏ.ஏ. என்று முடியும் அசோசியேட் பட்டங்கள் பெரும்பாலும் நான்காண்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறிச் செல்வதற்கானவை. ஏ.ஏ.எஸ். என்பது வேலைக்கான பட்டம். இரண்டுக்கும் ஏறத்தாழ 60 கிரெடிட் தேவை என்பதால் ஒன்றுதான் என்று நினைத்துவிடுவது எளிது. ஆனால் சிவில் பக்கத்தில் இந்த வேறுபாடு மிகப் பெரியது. ஏ.ஏ.எஸ். தொழில்நுட்பப் படிப்பில் கணிதம் பெரும்பாலும் இயற்கணிதத்தோடும் முக்கோணவியலோடும் நின்றுவிடும். அசையாத கட்டமைப்புகளின் மீது செயல்படும் விசைகளைக் கணக்கிடும் நிலையியல் பாடமும் அந்தக் கணிதத்தைக் கொண்டே நடத்தப்படும். பொறியியல் இளநிலைப் பட்டமோ நுண்கணிதத் தொடரையும் நுண்கணிதத்தை அடிப்படையாகக் கொண்ட இயற்பியலையும் கேட்கிறது. ஆகவே தொழில்நுட்பப் படிப்பில் நல்ல மதிப்பெண்ணோடு நிலையியலை முடித்த மாணவர், பொறியியல் துறைக்கு மாறும்போது அதே பெயருள்ள பாடத்தை மறுபடியும் படிக்க நேரிடும்.

பொறியாளர் உரிமம் வாங்கிக் கட்டுமான வரைபடங்களில் முத்திரையிட வேண்டும் என்பதே இலக்கு என்றால், அதே கல்லூரியில் ‘பொறியியல்’ என்ற பெயரில் உள்ள ஏ.எஸ். பட்டத்தைப் பார்க்க வேண்டும். உரிமத்தை மாநிலங்கள்தான் தருகின்றன. அதற்கான தேர்வுகளை என்சீஸ் என்னும் தேசிய அமைப்பு நடத்துகிறது. பல மாநிலங்கள், பொறியியல் படிப்புகளின் தரத்தைச் சரிபார்க்கும் ஏபெட் அமைப்பின் பொறியியல் ஆணையம் அங்கீகரித்த நான்காண்டுப் பட்டத்தை எதிர்பார்க்கின்றன; சில மாநிலங்கள் நான்காண்டுப் பொறியியல் தொழில்நுட்பப் பட்டத்தைக் கூடுதல் ஆண்டு அனுபவத்தோடு ஏற்கின்றன. எந்த மாநிலத்தில் வாழப் போகிறீர்களோ அந்த மாநில வாரியத்தின் விதியை நேரில் படித்துவிடுவது நல்லது. இதில் ‘பக்கத்து வீட்டுப் பையன் செய்தான்’ என்பது சான்றாகாது.

சிவில் தொழில்நுட்பத்தில் உண்மையில் என்ன கற்பிக்கிறார்கள்

இவ்வளவு சொன்னதால் ஏ.ஏ.எஸ். பட்டம் தாழ்ந்தது என்று பொருளில்லை. சாலைப் பணி ஆய்வாளர், நில அளவைக் குழு உறுப்பினர், மண் மற்றும் கான்கிரீட் சோதனைக்கூடத் தொழில்நுட்பர், வரைபடம் தயாரிப்பவர் போன்ற பணிகளுக்கு இதுதான் நேர்வழி. நில அளவை, ஆட்டோகேட் மற்றும் சிவில் 3டி மென்பொருள், பொருள்களின் வலிமை, மண் விசையியல், நீரியல், நெடுஞ்சாலை வடிவமைப்பு, மதிப்பீடு தயாரித்தல் ஆகியவை பாடங்கள். இப்படிப்பு நியூ ஜெர்சியின் மெர்சர் கவுன்டி சமுதாயக் கல்லூரி, நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் வேலி சமுதாயக் கல்லூரி, வட கரோலினாவின் வேக் டெக் போன்றவற்றில் உண்டு.

வேலையின் தன்மையை அறிய ஒரே ஒரு சோதனையை எடுத்துக்கொள்வோம். லாரியில் வந்திறங்கும், இன்னும் இறுகாத கான்கிரீட்டின் இளக்கத்தை அளக்கும் ஸ்லம்ப் சோதனைக்கு 12 அங்குல உயரமும், அடியில் 8 அங்குல விட்டமும், மேலே 4 அங்குல விட்டமும் கொண்ட கூம்பு அச்சு பயன்படுகிறது. கான்கிரீட்டை மூன்று அடுக்குகளாக இட்டு, ஒவ்வோர் அடுக்கையும் கம்பியால் 25 முறை குத்த வேண்டும். மூன்று அடுக்குகளும் கன அளவில் சமமாக இருக்க வேண்டுமே தவிர உயரத்தில் அல்ல. அடி அகன்றிருப்பதால் முதல் அடுக்கு மூன்று அங்குலத்தைக்கூட எட்டாது. புதிய மாணவர் பெரும்பாலும் நான்கு நான்கு அங்குலமாகப் பிரித்துவிடுவார். பிறகு அச்சை ஆட்டாமலும் திருகாமலும் 3 முதல் 7 நொடிக்குள் நேராகத் தூக்கி, கான்கிரீட் எவ்வளவு அமிழ்ந்தது என்பதைக் கால் அங்குலத் துல்லியத்தில் அளக்க வேண்டும். நிரப்பத் தொடங்கியதிலிருந்து தூக்கி முடிப்பது வரை இரண்டரை நிமிடத்துக்குள் அடங்க வேண்டும். அந்த எண் விவரக்குறிப்பின் வரம்புக்கு வெளியே போனால் லாரியைத் திருப்பி அனுப்ப நேரிடலாம். ஓட்டுநரும் மேற்பார்வையாளரும் அருகில் நின்று பார்த்துக்கொண்டிருக்க அந்த எண்ணை எழுதும் நிதானமும் இந்தப் படிப்பில் கற்க வேண்டியதுதான்.

அமெரிக்கன் கான்கிரீட் இன்ஸ்டிட்யூட் வழங்கும் களச் சோதனைத் தொழில்நுட்பர் முதல் நிலைச் சான்றிதழ் இந்தச் சோதனையையும் மாதிரி எடுத்தல், வெப்பநிலை, அடர்த்தி, காற்றளவு, வலிமைச் சோதனைக்கான கான்கிரீட் உருளை வார்த்தல் ஆகியவற்றையும் உள்ளடக்கியது. எழுத்துத் தேர்வோடு செய்முறைத் தேர்வும் உண்டு. ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். பட்டம் முடியும்வரை காத்திராமல் முதலாண்டு முடிந்த கோடையிலேயே இதை வாங்கிவிடுங்கள். சோதனை நிறுவனங்கள் இந்தச் சான்றிதழைக் கேட்டே கோடை வேலைக்கு ஆள் எடுக்கின்றன. பணியில் சேர்ந்த பிறகு, பொறியியல் தொழில்நுட்பர்களுக்குச் சான்றளிக்கும் நைசெட் அமைப்பின் படிநிலைச் சான்றிதழ்களை அனுபவத்துக்கு ஏற்ப ஒவ்வொன்றாகப் பெறலாம்.

நில அளவை வகுப்பிலும் இதே கண்டிப்பு இருக்கும். உயரம் 100.00 அடி என்று தெரிந்த அடையாளப் புள்ளியில் நிறுத்திய அளவுகோலில் கருவி வழியே படிக்கும் அளவு, அதாவது பின்னோக்கு, 4.32 அடி என்றால், கருவியின் பார்வைக் கோடு 104.32 அடியில் இருக்கிறது. புதிய இடத்தில் அதேபோலப் படிக்கும் முன்னோக்கு 6.87 அடி என்றால் அவ்விடத்தின் உயரம் 97.45 அடி. கணக்கு இவ்வளவுதான். ஆனால் இங்கே அடி என்பது அங்குலமாகப் பிரிவதில்லை. பத்தில் ஒன்றாகவும் நூறில் ஒன்றாகவும் பிரியும். போதாக்குறைக்கு, 1200/3937 மீட்டர் என்று வரையறுத்த பழைய ‘நில அளவை அடி’ 2022 இறுதியோடு விலக்கப்பட்டாலும், பழைய வரைபடங்களில் அது அப்படியே கிடக்கிறது. இரண்டு அடிகளுக்கும் உள்ள வேறுபாடு பத்து லட்சத்தில் இரண்டு பங்குதான். ஆனால் ஓர் இடத்தைக் குறிக்க மாநிலந்தோறும் வகுத்துள்ள ஆயத்தொலைவுகள் இருபது லட்சம் அடி என்ற அளவில் வரும்போது அந்த வேறுபாடு நான்கு அடியாகிவிடுகிறது. மெட்ரிக் முறையில் படித்து வந்தவர்கள் முதல் பருவத்திலேயே இதில் கை பழகிக்கொள்ள வேண்டும்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு அங்கீகாரங்களைத் தனித்தனியே பாருங்கள். கல்லூரி முழுமைக்குமான நிறுவன அங்கீகாரம் இல்லையென்றால் அரசு உதவித்தொகையும் கிடைக்காது, கிரெடிட்டும் வேறிடம் செல்லாது. அதற்கு மேல், இந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு ஏபெட்டின் பொறியியல் தொழில்நுட்ப ஆணைய அங்கீகாரம் உண்டா என்பதை ஏபெட் தளத்திலேயே தேடிப் பார்க்கலாம். கல்லூரி விளம்பரத்தில் ‘அங்கீகாரம் பெற்றது’ என்று மட்டும் இருந்தால் அது எந்த அங்கீகாரம் என்று கேளுங்கள். வளாகத்தைச் சுற்றிப் பார்க்கப் போனால் நூலகத்தைவிடச் சோதனைக்கூடத்தில் அதிக நேரம் நில்லுங்கள். உருளைகளை நசுக்கும் இயந்திரம் ஓடுகிறதா, தூரத்தையும் கோணத்தையும் அளக்கும் ‘டோட்டல் ஸ்டேஷன்’ கருவி ஒன்றை எத்தனை பேர் பகிர்கிறார்கள் என்பதெல்லாம் கையேட்டில் இருக்காது.

குற்றவியல் நீதி: பட்டம் ஒன்று, பணியமர்த்தம் வேறு

இந்தப் படிப்பு நாடெங்கும் பரவியதற்கு ஒரு காரணம் உண்டு. 1967-இல் குடியரசுத் தலைவரின் ஆணையம் ஒன்று காவலர்களின் கல்வித் தகுதியை உயர்த்தப் பரிந்துரைத்தது. 1968-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் காவலர்கள் கல்லூரிக்குச் செல்லக் கடனும் உதவித்தொகையும் தந்தது. சமுதாயக் கல்லூரிகள் மாலை வகுப்புகளைத் திறந்தன. பணியில் இருப்பவர்களுக்காகப் பெருகிய படிப்பு என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், பட்டம் மட்டுமே ஏன் ஒருவரைக் காவலராக்குவதில்லை என்பது விளங்கும்.

காவலராவதற்கு மாநிலத் தர ஆணையம் வகுத்த அகாடமிப் பயிற்சி வேண்டும். கலிஃபோர்னியாவில் அத்தகைய ஆணையம் 1959-இலேயே அமைந்தது. சில மாநிலங்களில் அகாடமியே சமுதாயக் கல்லூரியில் நடக்கிறது. வட கரோலினாவில் அடிப்படைக் காவல் பயிற்சியைப் பல சமுதாயக் கல்லூரிகள் நடத்துகின்றன. அதை முடித்தவர்களுக்குக் குற்றவியல் நீதிப் பட்டத்தில் கிரெடிட்டும் கிடைக்கிறது. அங்கே அகாடமியை முதலில் முடித்துவிட்டுப் பட்டத்தைப் பிறகு நிறைவு செய்வது சிக்கனமான வழி. மினசோட்டாவோ நெடுங்காலமாகக் காவலர் உரிமத்துக்குக் கல்லூரிப் படிப்பை வலியுறுத்திவரும் மாநிலம். அங்கே படிப்பே முதற்படி. இவ்வாறு மாநிலத்துக்கு மாநிலம் வரிசை மாறுவதால், சேருமுன் உங்கள் மாவட்டக் காவல் துறையின் ஆளெடுப்பு அலுவலரிடம், ‘நீங்கள் எந்த வரிசையில் எதிர்பார்க்கிறீர்கள்?’ என்று கேட்டுவிடுங்கள். கூட்டாட்சிப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ.யின் சிறப்பு முகவர் பணிக்கு நான்காண்டுப் பட்டம் கட்டாயம். நன்னடத்தை அலுவலர் பணிக்கும் பெரும்பாலான இடங்களில் அப்படியே. அசோசியேட் பட்டத்தோடு எட்டக்கூடியவை காவலர், சிறை அலுவலர், 911 அவசர அழைப்பு அலுவலர், நீதிமன்ற எழுத்தர் போன்ற பணிகள்.

வகுப்பறையில் நடப்பது பெரும்பாலும் சட்டம். சட்டப்பிரிவுகளை மனப்பாடம் செய்வதைவிட ஒரு தீர்ப்பைச் சுருக்கி எழுதும் பயிற்சிக்கே அதிக எடை தருகிறார்கள். 1968-ஆம் ஆண்டின் டெர்ரி எதிர் ஒஹாயோ வழக்கைப் பாருங்கள். கிளீவ்லாந்து நகரில் நீண்ட அனுபவமுள்ள துப்பறிவாளர் மெக்ஃபேடன், இருவர் மாறி மாறி ஒரே கடைச் சன்னலுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புவதைக் கவனித்து, அவர்களை நிறுத்தி, மேலாடையைத் தடவிச் சோதித்துத் துப்பாக்கிகளைக் கண்டெடுத்தார். இவை சங்கதிகள். கைதுக்குத் தேவையான முகாந்திரம் இல்லாத நிலையில் இப்படிச் சோதிப்பது, நியாயமற்ற சோதனையைத் தடுக்கும் அரசியலமைப்பின் நான்காம் திருத்தத்தை மீறுகிறதா என்பது கேள்வி. ஆயுதம் இருக்கலாம் என்பதற்கு, சொல்லிக் காட்டத்தக்க நியாயமான சந்தேகம் இருந்தால் வெளிப்புறச் சோதனை செல்லும் என்று எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. மாணவர் இதை ஒரே பக்கத்தில் சங்கதி, கேள்வி, முடிவு, காரணம் என்று எழுத வேண்டும். மாற்றுக் கருத்து எழுதிய நீதிபதி டக்ளஸ் எதை அஞ்சினார் என்பதையும் சேர்த்தால் பேராசிரியர் மகிழ்வார். 1961-இன் மேப், 1963-இன் கிடியன், 1966-இன் மிராண்டா, 1985-இன் கார்னர், 1989-இன் கிரஹாம் என்று, சோதனை, வழக்கறிஞர் உரிமை, விசாரணை, பலப்பிரயோகம் ஆகியவை பற்றிய உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் ஏறக்குறைய எல்லாக் கல்லூரிகளிலும் வரும்.

அறிக்கை எழுதும் பாடத்தைச் சிறிய பாடம் என்று தள்ளிவிடாதீர்கள். ‘அவர் பதற்றமாக இருந்தார்’ என்பது முடிவு. ‘உரிமத்தை எடுக்கும்போது அவருடைய கை நடுங்கியது, இருமுறை கீழே போட்டார்’ என்பது கவனிப்பு. இரண்டாவதுதான் நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணையைத் தாங்கும். ஆங்கிலம் இரண்டாம் மொழியாக உள்ளவர்கள் இந்தப் பாடத்தை முதல் பருவத்திலேயே எடுத்துக்கொள்வது நல்லது.

படிப்பு முடிந்தபின் வரும் பின்னணி விசாரணைதான் பலரைத் தடுத்து நிறுத்துகிறது. கடன் நிலுவை, ஓட்டுநர் பதிவு, பழைய வேலைகளை விட்ட காரணம், சமூக ஊடகப் பதிவுகள் ஆகிய அனைத்தையும் பார்ப்பார்கள். கஞ்சாவை மாநிலச் சட்டம் அனுமதித்தாலும், அதைப் பயன்படுத்தியது எப்போது என்று காவல் துறை கேட்கும். மறைப்பது, பயன்படுத்தியதைவிடக் கெடுதலாக முடியும். குடும்ப வன்முறையில் சிறு குற்றமாகத் தண்டனை பெற்றவர்கூடத் துப்பாக்கி வைத்திருக்க 1996-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் தடை விதிக்கிறது. காவலர்களுக்கும் அதில் விலக்கு இல்லை. இவற்றில் ஏதேனும் ஒன்று உங்களுக்குப் பொருந்துமானால் இரண்டு ஆண்டுகளைச் செலவிடுமுன் விசாரித்துவிடுங்கள்.

விசாவும் கட்டணமும்

நம்மவர்களுக்கு இந்தப் பகுதிதான் தலையாயது. காவல் பணிக்குப் பல மாநிலங்கள் குடியுரிமையைக் கேட்கின்றன. சில இடங்களில் நிரந்தரவாசிகளை ஏற்கிறார்கள். கலிஃபோர்னியா 2023 முதல் குடியுரிமை நிபந்தனையை நீக்கியிருக்கிறது. கூட்டாட்சிக் காவல் பணிகளுக்குப் பொதுவாகக் குடியுரிமை வேண்டும். ஆகவே எஃப்-1 மாணவர் விசாவில் குற்றவியல் நீதி படிக்க வருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். படிக்கத் தடையில்லை, ஆனால் படிப்பு திறக்கும் கதவுகளில் பெரும்பாலானவை அந்த விசாவுக்கு மூடியே இருக்கும்.

சிவில் தொழில்நுட்பத்துக்கு எஃப்-1 விசாவில் வருபவர்கள் ஒரு பருவத்தில் குறைந்தது 12 கிரெடிட் எடுக்க வேண்டும். முழுதும் இணையவழியில் நடக்கும் பாடங்களில் ஒன்று, அதாவது மூன்று கிரெடிட் வரையே அந்தக் கணக்கில் சேரும். பட்டம் முடித்தபின் மாணவர் விசாவிலேயே துறை சார்ந்த வேலை பார்க்க உதவும் 12 மாத ஓ.பி.டி. அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். ஸ்டெம் எனப்படும் அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதத் துறையினருக்குக் கிடைக்கும் கூடுதல் 24 மாதம் இளநிலைப் பட்டத்திலிருந்துதான் தொடங்குகிறது. அசோசியேட் பட்டத்துக்குக் கிடையாது. எச்-1பி என்னும் வேலை விசாவும் பொதுவாக இளநிலைப் பட்டத்தை எதிர்பார்க்கிறது. எனவே மாணவர் விசாவில் வருபவருக்குச் சமுதாயக் கல்லூரி நான்காண்டுப் படிப்பின் முதல் பாதியாக இருந்தால் மட்டுமே பொருளுண்டு, அதற்குரியது ஏ.எஸ். வழி.

எச்-1பி விசாவில் இருப்பவர்களின் குடும்பத்தினருக்கான எச்-4 விசாவில் இருப்பவர்கள் தாராளமாகப் படிக்கலாம். ஆனால் ஃபாஃப்ஸா என்னும் கல்வி உதவி விண்ணப்பம் வழியாக வரும் பெல் மானியம் போன்ற கூட்டாட்சி உதவி அவர்களுக்குக் கிடையாது. கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு உண்டு. பெல் மானியத்தின் உச்ச அளவு 2024–25 கல்வியாண்டில் 7,395 டாலர். பல சமுதாயக் கல்லூரிகளின் உள்ளூர்க் கட்டணத்தை அதுவே முழுதாக ஈடுகட்டிவிடும். உள்ளூர், அதே மாநிலம், வெளிமாநிலம் என்று கட்டணம் அடுக்கடுக்காக ஏறுவதால், எந்த அடுக்கில் உங்களை வைத்திருக்கிறார்கள் என்பதைக் கட்டணச் சீட்டில் பாருங்கள். எச்-4 குடும்பங்களைப் பல மாநிலங்கள் உள்ளூர்வாசிகளாக ஏற்றாலும், வாடகை ஒப்பந்தம், வரிப் பதிவு போன்ற சான்றுகளை உரிய தேதிக்குள் கொடுக்காவிட்டால் கல்லூரிக் கணினி தானாகவே உயர்ந்த அடுக்கில் தள்ளிவிடும்.

பதிவு செய்யும் வாரத்தில்

கணிதத் தகுதித் தேர்வை ஆயத்தமில்லாமல் எழுதாதீர்கள். அங்கே ஒரு படி கீழே விழுந்தால் சிவில் படிப்பு ஓராண்டு தள்ளிப்போகக்கூடும். முக்கோணவியல் முடிந்தால்தான் நிலையியல், நிலையியல் முடிந்தால்தான் பொருள்களின் வலிமை, அது முடிந்தால்தான் கட்டமைப்புப் பாடம் என்று சங்கிலி போலத் தொடர்கிறது. சிறிய கல்லூரிகளில் இவற்றில் சில ஆண்டுக்கு ஒரு முறை மட்டுமே நடக்கும். ஆகவே முதல் நாளே நான்கு பருவங்களுக்கான அட்டவணையை ஆலோசகரோடு உட்கார்ந்து எழுதி, எந்தப் பாடம் எந்தப் பருவத்தில் மட்டும் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சோதனைக்கூட நேரத்தைக் குறைத்து மதிப்பிட வேண்டாம்: கூடத்தில் இரண்டு அல்லது மூன்று மணி நேரம் நின்றாலும் அது ஒரு கிரெடிட்டாகத்தான் கணக்கில் வரும். பகுதிநேர வேலையோடு படிப்பவர்கள் கிரெடிட்டை அல்ல, மணியைக் கூட்டிப் பார்க்க வேண்டும். குற்றவியல் நீதியில் இத்தகைய சங்கிலி தளர்வானது. மாலையிலும் இணையத்திலுமே பெரும்பகுதியை முடித்துவிடலாம்.

இந்தியாவில் டிப்ளமோவோ பட்டமோ முடித்தவர்கள் மதிப்பெண் பட்டியலை அங்கீகரித்த மதிப்பீட்டு நிறுவனம் வழியாகச் சமர்ப்பித்தால், கணிதம், இயற்பியல் போன்றவற்றுக்குக் கிரெடிட் கிடைக்க வாய்ப்புண்டு. நில அளவை போன்ற தொழிற்பாடங்களுக்குத் துறைத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். அவர் கேட்பது மதிப்பெண்ணை அல்ல, பாடத்திட்டத்தை.

அதே காரணத்தால், இங்கே படிக்கும் ஒவ்வொரு பாடத்தின் பாடத்திட்டத்தையும் பருவம் தொடங்கும்போதே தரவிறக்கிச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகத்துக்கு மாறும்போது, இரு கல்லூரிகளுக்கும் இடையே முன்கூட்டிய ஒப்பந்தம் இல்லாத பாடங்களுக்கு அதைத்தான் கேட்பார்கள். பருவம் முடிந்ததும் கல்லூரித் தளம் வகுப்புப் பக்கத்தைப் பூட்டிவிட்டால், ஈராண்டு கழித்து அந்தப் பேராசிரியரைத் தேடி மின்னஞ்சல் அனுப்ப வேண்டியிருக்கும். அவர் பகுதிநேர ஆசிரியராக இருந்தால் அந்த முகவரியே இயங்காமல் போயிருக்கலாம்.